எண்ணாத முப்பத்து மூன்று நாள்

அந்தப் பதிப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பைண்டிங் செய்கிறவர்களுக்கும், அட்டைப்படம் வரைகிறவருக்கும், அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும்கூட அவள் ‘டைம்டேபிள் அக்கா’தான். மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு எதற்கு இப்படி ஒரு பட்டம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு வாரம் அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்வார்கள்.

மாயப்புனைவும் அறிவியல் புனைகதையும் தவிர வேறு எதையும் போடாத பதிப்பகம் அது. ஒரு மெய்ப்புக் கட்டில் டிராகன் பறக்கும், அடுத்த கட்டில் விண்கலம் வெடிக்கும். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். பதினோரு வருஷம் பேருந்துக் கம்பெனியில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவள் அவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும், டிரைவர் எப்போது சாப்பிடுவார் என்பதையெல்லாம் கரைத்துக் குடித்தவள். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே ஒரு மெய்ப்பைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

“சார், இந்தக் குதிரை எங்க தண்ணி குடிச்சுது?”

“எந்தக் குதிரை?”

“அறுபதாம் பக்கத்துல கிளம்பி அறுபத்தி நாலாம் பக்கத்துல வந்து சேர்ற குதிரை. முன்னூறு மைல். நடுவுல ஒரு இடத்துலகூட நிக்கல. இது குதிரையா, பாயின்ட் டு பாயின்ட் வண்டியா?”

முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தார். அதற்கு முந்தைய வருஷம்தான், மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன தளபதி பத்தாம் அத்தியாய விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, வாசகர் கடிதங்களில் பதிப்பகத்தின் மானம் கப்பலேறியிருந்தது. அன்று அவர் ஒரு சட்டம் போட்டார். டைம்டேபிள் அக்கா பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வட்டமிட்டால், ஆசிரியர் அதற்குத் தன் கையால், பேனாவால், பதில் எழுதியாக வேண்டும். பதில் ஏறாத பக்கம் அச்சுக்குப் போகாது. எப்பேர்ப்பட்ட எழுத்தாளராக இருந்தாலும் சரி.

அக்கா, டிரைவர்களுக்குப் போடுவதைப் போலவே, யார் எந்த நாளில் எங்கே இருக்கிறார் என்று கதாபாத்திரங்களுக்கு டூட்டி ஷீட் போட ஆரம்பித்தாள். ராணிக்கு ஒரு தாள், வில்லனுக்கு ஒரு தாள், குதிரைகளுக்குத் தனித்தாள். ஒரு விண்கலக் கதையில் நாற்பது பேர் கிளம்பி, மூன்றாம் வாரம் நாற்பத்து மூன்று பேர் காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். வழியில் ஏறிய மூன்று பேரும் டிக்கெட் எடுத்தார்களா என்று ஓரத்தில் கேட்டிருந்தாள். அந்த ஆசிரியர் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. புத்தகத்தில் மட்டும் நாற்பது பேர்தான் சாப்பிட்டார்கள்.

இனி வருவதைச் சொல்லும்போது கொஞ்சம் சூடாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிப்பகத்தின் பெரிய எழுத்தாளர் ஒருவர் உண்டு. ஏழு பாகத்தில் ஒரு மாயப்புனைவுத் தொடர் எழுதியவர். இரண்டு நிலாக்கள் உள்ள ஒரு நாடு, பன்னிரண்டு கோட்டைகள், நூற்றுச் சொச்சம் பாத்திரங்கள். நல்ல கற்பனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனிதருக்கு நாள் கணக்கு மட்டும் வராது. அவருக்காக அக்கா ஏழு நோட்டுகள் போட்டிருந்தாள், பாகத்துக்கு ஒன்று. எந்த நிலா என்றைக்கு உதிக்கும், எந்த இளவரசனுக்கு எந்தக் கண் போயிற்று என்பதெல்லாம் அவள் நோட்டில்தான் இருக்கும். எழுத்தாளரே ஃபோன் பண்ணிக் கேட்பார், “அக்கா, என் ராஜாவுக்கு இப்ப என்ன வயசு?” என்று.

மூன்றாம் பாகத்தில்தான் பெரிய இடி விழுந்தது. புத்தகக் கண்காட்சிக்கு நாள் நெருங்கியதால் முதல் பாதியை முதலாளி அச்சடித்தே விட்டார். இரண்டாம் பாதி கைக்கு வந்ததும் அக்கா டூட்டி ஷீட்டைப் பரப்பினாள். அரசன் சாகிறான், படை கிளம்புகிறது, கோட்டைக்குப் போய்ச் சேர்கிறது. அதே நேரம் அரண்மனையில் ராணியின் கதை நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ராணிக்கு ஒரு மாதம்போல அதிகமாக ஓடியிருந்தது. ஒரே நாட்டில் ஒருத்திக்கு மட்டும் எப்படி நாள் அதிகமாகும்? அச்சான பாதியில் கை வைக்க முடியாது. எழுத்தாளரோ காய்ச்சலில் படுத்திருந்தார்.

“நீங்களே ஏதாவது பார்த்துப் போட்டுடுங்க அக்கா. என்னால எழுந்திரிக்கவே முடியல,” என்றார் ஃபோனில்.

முப்பது நாளுக்கும் முப்பத்தைந்து நாளுக்கும் நடுவில் எதைப் போட்டாலும் கதை பொருந்தும். அக்கா அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. பென்சிலைச் சீவினாள். பிறகு ஓரத்தில் நான்கே வரி எழுதினாள்.

‘அந்நாட்டில் அரசன் இறந்தால் முப்பத்து மூன்று நாட்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவை எண்ணா நாட்கள். அந்நாட்களில் பிறந்தவர்க்குப் பிறந்த நாள் இல்லை, இறந்தவர்க்கு இறந்த நாள் இல்லை. அந்நாட்களில் என்ன நடந்தது என்று எவரும் எவரையும் கேட்கக் கூடாது.’

படையோடு போன எழுத்தர்கள் அந்த நாட்களை எழுதவில்லை, அரண்மனைக்குள் ராணி மட்டும் ரகசியமாக எண்ணிக்கொண்டிருந்தாள் என்று கணக்கு நேராகிவிட்டது. எழுத்தாளர் தாளின் அடியில் பேனாவால் ‘சரி’ என்று ஒரே சொல் எழுதி அனுப்பினார். அந்தத் தாள் மற்ற மெய்ப்புகளோடு பழைய பேப்பருக்குப் போனது.

அவள் ஏன் முப்பத்து மூன்று என்று போட்டாள்? பேருந்துக் கம்பெனியில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. சரியாக முப்பத்து மூன்று நாள். அவள் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் டிரைவர், நிறுத்தத்தில் முன்வரிசையில் நின்றவர். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். நிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் காலையில் வலி எடுத்தது. ஊரில் ஒரு வண்டி ஓடவில்லை. பக்கத்துத் தெரு மரக்கடையிலிருந்து தள்ளுவண்டி ஒன்றை வாங்கி, அதில் அவளைப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு அவரே இரண்டு மைல் தள்ளிக்கொண்டு ஓடினார். பெண் குழந்தை. நான்கு நாள் இருந்தது.

நிறுத்தம் முடிந்தபோது நிர்வாகமும் சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அந்த முப்பத்து மூன்று நாளும் வேலை நாளும் அல்ல, விடுமுறையும் அல்ல, எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவள் பிரசவ விடுப்புக்கு எழுதிக்கொடுத்த தாளை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “நீங்க சொல்ற தேதியே ரெஜிஸ்டர்ல இல்லம்மா. அந்த நாள்ல எதுவும் நடக்கல,” என்றான் அங்கே உட்கார்ந்திருந்தவன், தலையைக்கூடத் தூக்காமல். எதுவும் நடக்கவில்லையாம்! சொன்னவன் நன்றாக இருக்கட்டும்.

பிறகு அவர்களுக்கு இன்னொரு மகள் பிறந்து, வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கும் போய்விட்டாள். ஆனால் அந்த நாட்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கியவர்களில் தானும் ஒருவன் என்பது வீட்டுக்காரரின் தொண்டையில் இருபத்தாறு வருஷமாகச் சிக்கியிருந்தது. அவர் பேசாததை அவளும் கிளறவில்லை. ஊரில் யாரும் ஏற்றுக்கொள்ளாத அந்த நாட்களுக்கு இரண்டு நிலா உள்ள நாட்டிலாவது ஓர் இடம் இருக்கட்டும் என்றுதான் எழுதினாள். யாருக்கும் தெரிய வேண்டும் என்று அல்ல.

ஆனால் வாசகர்கள் அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ‘எண்ணா நாட்கள்’ என்று சங்கம் வைத்தார்கள், சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். எழுத்தாளரும் சளைத்தவரல்ல. எண்ணா நாளில் பிறந்து யாருக்கும் தெரியாமல் வளர்ந்த வாரிசு ஒருவனைக் கொண்டுவந்து அடுத்த நாலு பாகத்தையும் அதன் மேலேயே கட்டினார். பிறகு தொடர் வேறு மொழிகளுக்குப் போனது. இந்த வருஷம் மூன்றாம் பாகத்தின் மொழிபெயர்ப்பு ஒரு பெரிய விருதுக்குப் போட்டியிட, செய்தி மேல் செய்தியாக வந்தது. எல்லாவற்றையும் மகள்தான் கடையிலிருந்து ஃபோன் பண்ணிச் சொன்னாள். “அம்மா, உங்க புஸ்தகம் லாங் லிஸ்ட்ல வந்திருக்கு.” ஒரு மாதம் கழித்து, “ஷார்ட் லிஸ்ட்.” பிறகு ஒரு மத்தியானம், வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டே, “அம்மா, விருது! வருஷத்தோட சிறந்த மாயப்புனைவு நாவல்!”

விருதுக் குழுவின் பாராட்டுரையைப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. ‘ஒரு சமூகம் தன் துயரத்தை ஏட்டிலிருந்தே நீக்கிவிடும் அந்த ஒற்றைக் கற்பனைக்காகவே இந்த நாவல் நிலைக்கும்’ என்று அதில் இருந்தது. அக்கா அதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம்தான். அடுத்த வாரமே தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். தலைப்பே ‘எண்ணா நாட்கள்’.

அப்புறம்தான் அந்தப் பேட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்காரர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார், அக்கா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேட்டி எடுத்த பெண், இந்தக் கற்பனை எப்படி வந்தது என்று கேட்டாள். எழுத்தாளர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

“ஒருநாள் காலைல ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தேன். அப்படியே வந்து விழுந்துச்சு.”

“அதென்ன சார், குறிப்பா முப்பத்து மூணு?”

“அது சும்மா ஒரு நம்பர்ங்க,” என்று சிரித்தார். “வாய்க்கு நல்லா இருந்துச்சு, போட்டேன். டிவி தொடர்ல நாற்பதுன்னு மாத்துறாங்களாம், அது இன்னும் எடுப்பா இருக்கும்னு. எனக்கென்ன, தாராளமா மாத்திக்கட்டும்.”

வீட்டுக்காரர் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து டிவியை அணைத்தார். அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே குறைவு.

“சும்மா ஒரு நம்பராமா?” என்றார். “அந்த ஆளு தள்ளுவண்டி தள்ளினானா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் பாகம் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. அவர் துணிக்குவியலிடம் திரும்பிப் போனார். மடித்த சட்டையையே திரும்ப உதறி மடித்தார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால் முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். தொடர் எடுக்கிறவர்களுக்கு அந்த ஏழு நோட்டுகளும் வேண்டுமாம். அதோடு அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி அக்கா,” என்று நீட்டினார். அதில் இரண்டே வாக்கியம்: ‘இந்நோட்டுகளில் உள்ளவை அனைத்தும் ஆசிரியர் சொல்லச் சொல்ல என்னால் எழுதப்பட்டவை. இவற்றில் என் சொந்தக் கற்பனையோ அனுபவமோ எதுவும் இல்லை.’

அனுபவமோ எதுவும் இல்லை! ஒருமுறை ரெஜிஸ்டரில் இல்லை என்று சொன்னார்கள், போகட்டும், அது அவர்கள் வாய். இப்போது அவள் கையாலேயே இல்லை என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். இதில் கையெழுத்துப் போட்டால் அந்த நான்கு நாள் குழந்தை இரண்டாம் தடவையும் இல்லாமல் போகும். அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனால் கத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை. தாளை வாங்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், பென்சிலைச் சீவினாள்.

அரைமணி நேரத்தில் தாள் முதலாளியின் மேஜைக்குத் திரும்பி வந்தது. ‘அனைத்தும்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு. ‘எதுவும் இல்லை’ என்பதற்குக் கீழே இரட்டைக் கோடு. ஓரத்தில் வட்டம் போட்ட கேள்விக்குறி. அதற்குப் பக்கத்தில் அவளுடைய பொடி எழுத்தில், ‘முப்பத்து மூன்று ஏன்? ஆசிரியர் விளக்கவும்.’

“என்னக்கா இது? இது ப்ரூஃப் இல்லையே!” என்றார் முதலாளி.

“எழுத்தா என் மேஜைக்கு வந்தா ப்ரூஃப்தான் சார். நீங்க போட்ட சட்டம்தான். பதில் வந்ததும் கையெழுத்துப் போடறேன்.”

“அக்கா, அவங்க பெரிய ஆளுங்க. விளையாடாதீங்க.”

“இருபது வருஷமா இதே பென்சில்தான் சார். இத்தனை நாள் விளையாட்டுன்னு நீங்க சொல்லல.”

முதலாளி கெஞ்சினார், குழைந்தார், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தார். அவருக்கும் உள்ளூர உறுத்தல் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் புதிதாக ஒரு தாள் டைப் அடித்து வேறு யாரையாவது விட்டுக் கையெழுத்து வாங்க அவர் முயலவில்லை. சுவரில் அவரே எழுதி மாட்டிய சட்டம் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தாளை உறையில் போட்டு எழுத்தாளர் வீட்டுக்கு அனுப்பினார்.

ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. தொடர்க் கம்பெனியிலிருந்து தினம் ஒரு ஃபோன். பைண்டிங் செய்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு அவள் அறை வாசலில் நின்று, “என்னக்கா, பதில் வந்துச்சா?” என்று விசாரித்தார்கள். நோட்டுகள் ஏழும் பீரோவில் இருந்தன. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் பாட்டுக்கு ஒரு விண்கலக் கதையைத் திருத்திக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிரகத்தில் ஒருவன் வாரத்தில் எட்டு நாள் வேலை செய்வதாக எழுதியிருந்தது.

மூன்றாம் வாரம், மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், எழுத்தாளரே வந்தார். கையில் அதே உறை. விருது வாங்கிய பிறகு அவர் இந்த அறைப் பக்கம் வந்ததில்லை. எதிர் நாற்காலியில் கிடந்த மெய்ப்புக் கட்டைத் தானே எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, என்ன எழுதணும்னு சொல்லுங்க, எழுதிடறேன்,” என்றார்.

“கேள்வி உங்களுக்குத்தான் சார். டிவியில அழகா சொன்னீங்களே, சும்மா ஒரு நம்பர்னு. அதையே எழுதுங்க.”

அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், தாளின் மேல் குனிந்தார். எழுதவில்லை. அதுவரை அவர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்து நின்றது.

“ஷேவ் பண்ணும்போது வந்துச்சுன்னு சொன்னீங்களே சார், உங்களுக்கு வாய் கூசலியா? அப்ப நீங்க காய்ச்சல்ல எழுந்திரிக்கவே முடியாம கிடந்தீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

அவர் முகம் சுண்டிப்போனது. “தப்புதான்,” என்றார் மெதுவாக. “எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி எனக்கே நான் எழுதின மாதிரி ஆயிடுச்சு. உங்க கேள்வி வந்தப்புறம்தான் யோசிச்சேன். மூணு வாரமா யோசிக்கிறேன். ஏன்கா முப்பத்து மூணு? முப்பத்து நாலு போட்டிருந்தாலும் கதைக்குச் சரியாத்தானே இருந்திருக்கும்?”

ஒன்பது வருஷத்தில் அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. அக்கா எழுந்தாள். அலமாரியிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அவர் முன்னால் வைத்து, நான்காவது வரியில் விரலை வைத்தாள்.

“இதைப் படிங்க சார்.”

அவர் படித்தார். ‘அந்நாட்களில் என்ன நடந்தது என்று எவரும் எவரையும் கேட்கக் கூடாது.’ இந்த வரியை எத்தனையோ மேடையில் கணீரென்று படித்துக் கைதட்டு வாங்கியவர். இப்போது வாய்க்குள்ளேயே படித்தார். படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. என்னவோ நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்துவிட்டது.

அவர் புத்தகத்தை ஒருபுறம் நகர்த்தி வைத்தார். கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, மேஜையில் கிடந்த அவளுடைய பென்சிலை எடுத்து, வட்டம் போட்ட கேள்விக்குறிக்குக் கீழே எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

‘எனக்குத் தெரியாது. எழுதியவரைக் கேட்கவும்.’

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“பென்சில்ல எழுதினா அழிச்சிடலாம் சார். பதில் பேனாவுலதான்.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவைத் திரும்ப எடுத்தார்.